வஜ்ரகிரி ராணிக்குக் குரல் கொடுத்தவள்

"மகாராணி வாயத் திறந்தாலே, வஞ்சிரம் கிலோ என்னம்மான்னு கேக்கத் தோணுது மக்களே!"

என் கணவன் சூர்யா இதைச் சொன்னது எங்கள் அடையாறு வாடகை வீட்டின் படுக்கையறையில், கதவைச் சாத்திக்கொண்டு, செல்போன் கேமராவைப் பார்த்து. நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மகாராணிக்குத் தமிழில் குரல் கொடுப்பவள் நான்தான். அது அவனுக்குத் தெரியும். அவனுடைய யூடியூப் சேனலைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எங்கள் சீரியலில் டப்பிங் பேசுகிறவர்களின் பெயரைப் போடுவதில்லை.

'வஜ்ரகிரி மகாராணி' இந்தியில் எடுத்த தொடர். கோடம்பாக்கத்தில் தமிழ் பேச வைத்து ஓட்டுகிறார்கள். மந்திர வாள், பறக்கும் குதிரை, செத்துச் செத்துப் பிழைக்கும் ராஜா எல்லாம் உண்டு. ஒவ்வொரு எபிசோடையும் கிழித்துத் தொங்கவிடுவதுதான் சூர்யாவின் வேலை. கிழிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? பல வருடம் பாதாளச் சிறையில் கிடந்த ராணி, புருவம் திருத்திக்கொண்டு வெளியே வருகிறாள். எய்த அம்பு விளம்பர இடைவேளை முடிந்தும் எதிரியைப் போய்ச் சேருவதில்லை. இதையெல்லாம் அவன் சொல்லும்போது நானே சிரித்திருக்கிறேன். ஆனால் எங்கே தொடங்கினாலும் கடைசியில் ராணியின் குரலில்தான் வந்து நிற்பான்.

காரணம் எனக்குத் தெரியும். அந்த ஸ்டூடியோவுக்கு முதலில் வாய்ஸ் டெஸ்டுக்குப் போனவன் அவன். சும்மா துணைக்குப் போனவள் நான். டப்பிங் பொறுப்பாளர் வெங்கடரமணன் அவனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கூட்டக் காட்சியில் கத்துவதற்குப் பெண் குரல் ஒன்று குறைகிறது என்று என்னை உள்ளே கூப்பிட்டார். கத்தினேன். அது பிடித்துப்போய் அடுத்து பணிப்பெண், அப்புறம் இளவரசி, அப்புறம் ராணி. அன்றிலிருந்து இவனுக்கு வயிறு எரிகிறது. தண்ணீர் ஊற்றி அணைக்க நான் என்ன தீயணைப்புப் படையா?

வஞ்சிரம் வீடியோ வந்த மறுநாள் அம்மா போன் செய்தாள். அம்மா அந்தோணியம்மாள் ஊரூர் குப்பத்தில் மீன் விற்கிறாள்.

"இன்னாடி ஜாஸ்மினு, உம் புருசன் என்னியத்தான சொல்லிக்கினு கீறான்? மீனு விக்கிறது அவனுக்குக் கேவலமா பூட்ச்சா? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து துன்னுட்டுப் போறானே, அது யாரு வூட்டு மீனு?"

எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

வீடியோவுக்குக் கீழே ஒரு கூட்டமே கும்மியடித்தது. ராணியின் குரலை மாற்றுங்கள் என்று அத்தனை பேரும் எழுதினார்கள். அது தொலைக்காட்சிக்காரர்கள் காதுக்கும் போய்விட்டது. வெங்கடரமணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதேம்மா. மேலேர்ந்து வேற குரல் கேக்கறா. அடுத்த எபிசோடுக்கு வேற ஒரு பொண்ணப் பேச வெக்கப் போறேன்."

ராணி கையைவிட்டுப் போனால் எனக்கு மறுபடியும் கூட்டத்தில் கத்துகிற வேலைதான். வீட்டுக்கு வந்து சூர்யாவிடம் சொன்னேன்.

"நான் பொதுவாத்தான் சொன்னேன். விமர்சனம்னா நேர்மை வாணாமா?" என்றான். "வுடு ஜாசு. ராணியெல்லாம் உனக்கு செட் ஆவல. கூட்டத்துல கத்துறதுதான் உனுக்குக் கரெக்டு."

சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சோறு போடச் சொன்னான், பாவி. போட்டேன்.

ஆனால் புதுப் பெண்ணுக்கு ராணி சரிப்படவில்லை. திரையில் ராணி வாயை மூடிய பிறகும் அவள் பேசிக்கொண்டிருந்தாளாம். ஒளிபரப்பு நாள் நெருங்கிவிட்டது. வெங்கடரமணன் அவசரமாக என்னையே கூப்பிட்டார். தன்மேல் வீண்பழி சுமத்திய அமைச்சர்களை அரசவையில் நிற்கவைத்து ராணி கேள்வி கேட்கும் காட்சி. அதே மைக், அதே தொண்டை. குரலை மாற்றவெல்லாம் முயலவில்லை. எப்போதும் பேசுவதுபோலத்தான் பேசினேன். வீட்டில் மட்டும் மூச்சு விடவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லாமல் இருந்தேன்.

எபிசோட் வந்தது. சூர்யா கதவைச் சாத்திக்கொண்டு தொடங்கினான்.

"மக்களே, நாம போட்ட சத்தம் வீண் போகல! ராணிக்கு ஆள மாத்திட்டாங்க. கேட்டீங்களா? இதுதான் ராணி! அந்த 'நிறுத்துங்கள்'ல எவ்ளோ அதிகாரம்! கண்ண மூடிக்கிட்டுக் கேட்டேன், உடம்பு சிலிர்த்துப் போச்சு. யாரும்மா நீ? எங்கம்மா இருந்த இத்தன நாளா?"

சமையலறையில்தான் இருந்தேன்.

வீடியோ வெளியானதும் என் போனில் போட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். நடிக்கவில்லை, நிஜமாகவே ரசித்திருக்கிறான். கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். அழுகைதான் வந்தது. அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, வீடியோவை வெங்கடரமணனுக்கு அனுப்பினேன். அவர் அதை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு எனக்குப் பதில் போட்டார். அதைப் படித்த பிறகுதான் படுக்கையறைக் கதவைத் திறந்தேன்.

"பாத்தியா வீடியோவ?" என்றான். "எப்டி கீது புதுப் பொண்ணு?"

"புதுப் பொண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது நான்தான்யா. அந்தப் பொண்ணுக்கு வரல. திரும்ப என்னியே கூப்ட்டாங்க."

அவன் முகம் செத்துப்போனது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"எனக்கு அப்பவே தெரியும். உன்ன ஏத்தி வுடத்தான் அப்டிப் பேசுனேன்."

"தெரியுமா? அப்ப இத்தினி நாளா நீ சொன்னதெல்லாம் பொய்யின்னும் உனுக்குத் தெரியும். தெரிஞ்சே என்னையும் எங்கம்மாவையும் சந்தி சிரிக்க வெச்ச. தெரியாதுன்னா, கட்டுன பொண்டாட்டி கொரலே உனுக்குத் தெரியல. ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு."

அவன் போனை எடுத்தான்.

"வீடியோவத் தூக்கிட்றேன்."

"தூக்கு. அது போவ வேண்டிய எடத்துக்குப் போய்ச் சேந்துருச்சு. கத முடியிற வரிக்கும் ராணிக்கு நான்தான்னு மேல சொல்ட்டாங்க."

கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப அடுத்த எபிசோடுக்கு நான் இன்னா பேசட்டும் ஜாசு?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில், என்னை ஒன்று கேட்டுவிட்டு அவன் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது அன்றைக்குத்தான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு அம்மாவைப் பார்க்கக் கிளம்பினேன்.