ஆளுக்குத் தக்க நகரும் சுவர்

ஷாமினி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன செவ்வாய்க்கிழமை, அவள் அப்பா சுகுமாரனின் வீடு அகலத்தில் ஒன்றரையடி குறைந்தது. மலேசியாவின் ஈப்போ நகரில் அந்த வரிசையின் பன்னிரண்டு வீடுகளும் அப்படித்தான். ஆள் கூடிய வீட்டின் சுவர் ஆள் குறைந்த வீட்டைத் தள்ளிக்கொண்டு வரும். செமோர் பக்கத்து ரப்பர் தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்கள் வீட்டுக்கு எட்டுப் பேராக நிறைந்திருந்த காலத்தில் சுவர்கள் அசையவில்லை. பிள்ளைகள் படித்து வெளியேற வெளியேற வீடுகள் வற்றின. பக்கத்து வீட்டைச் சாப்பாட்டுக்கடை ஹுசைன் வாங்கி, பதினான்கு வங்காளதேசத் தொழிலாளர்களைக் குடிவைத்தார். மறுவாரமே சுகுமாரனின் சோபாவும் எதிர்ச்சுவரும் முட்டிக்கொண்டன.

முப்பது வருடம் லாரி ஓட்டியவருக்கு இது மானக்கேடாகப் போயிற்று. அந்த ஆட்கள் கைலியோடு வெளியே வந்தால் வேலியோரம் துப்புவார். வட்டாரப் பிரமுகர் ஒருவர் வந்து, சுவரைப் பின்னால் தள்ளுவதுபோல் நின்று படமெடுத்துக்கொண்டார். சுவர் அவரைச் சட்டை செய்யவில்லை. கடைசியில் சுகுமாரன் ஹுசைனிடமே போய், இப்படி ஆடுமாடு மாதிரி ஆளை அடைத்தால் மனுசன் எங்கே இருப்பது என்று கேட்டார்.

"அண்ணே, ஒங்க தாத்தா இருந்த தோட்டத்து லயத்துல ஒரு வீட்டுக்கு எத்தன பேரு?" என்றார் ஹுசைன்.

"ஒம்போது பேரு. அது வேற லா. நாங்க மனுசங்க."

அங்கேயே கல்யாணமாகியிருந்த ஷாமினியின் பிரசவத்துக்கென்று மனைவி சரளாவும் சிங்கப்பூர் போனாள். பஸ் கிளம்பிய கையோடு வீடு நாலடிக்கு வந்தது. சுகுமாரன் பக்கவாட்டில் நடக்கப் பழகினார். மூன்றாம் நாள் காலை ஐஸ்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே சிக்கி, மூச்சு முட்டிக் கத்தினார். சுவருக்கு அப்பாலிருந்து ரஃபிக் என்பவன் கேட்டு, மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு பின்கதவு வழியாக நுழைந்தான். ஒவ்வொருவனும் உள்ளே கால் வைக்க வைக்கச் சுவர் ஒன்றரையடி விலகியது. அவரைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு அவர்கள் எழுந்தபோது, அவர் ரஃபிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போவாதீங்க லா," என்றார். தமிழ் தெரியாத நால்வரும் உட்கார்ந்தார்கள்.

அன்றுமுதல் அங்கேயே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சுத்தம் கிடையாது, கறியில் கடுகெண்ணெய் நாறுகிறது என்று சுகுமாரன் இன்றும் ஊரெல்லாம் ஏசுகிறார். தன் குவளையைத் தனியாகத்தான் வைத்திருக்கிறார். சரளா திரும்பிவந்து, கூடம் பதினொன்றரை அடியாகியிருப்பதைப் பார்த்தாள். நேரே போய் ஆறு பேருக்கு உலை வைத்தாள்.

போன மாதம், வரிசைக் கடைசியில் தனியாக இருக்கும் புனிதா, தன் வீடு மூன்றடிக்கு வந்துவிட்டது, ஒரே ஒருத்தரையாவது அனுப்புங்கள் என்று கேட்டு வந்தாள்.

"வேற எடத்துல பாரும்மா," என்றார் சுகுமாரன். "இவனுங்க நம்ம ஆளுங்க."