நாற்பத்திரண்டில் முளைத்த மீசை

என் வீட்டுக்காரருக்கு நாற்பத்திரண்டாவது வயதில்தான் மீசை முளைத்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நானும் சிரித்தவள்தான்.

அதற்கு முன்னால் அவர் மூக்குக்குக் கீழே இருந்ததை மீசை என்று சொன்னால் மீசைக்கே கோபம் வரும். ஸ்டீபன்ராஜ் என்று பெயர். ரெட்டியார்சத்திரத்தில் உரக்கடை. நாகல் நகர் வீட்டிலிருந்து காலையில் பைக்கில் போவார். மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு நான் பஸ்ஸில் போய் இறங்கும்போது கல்லா மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார். ராத்திரியும் அதே கதைதான், படுத்தால் பிணம். புருஷனைப் பிணம் என்கிறாளே என்று நினைக்காதீர்கள், இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவள் சொல்கிறேன்.

பிள்ளை இல்லை. அது என் குறை என்றுதான் ஊரும் மாமியாரும் முடிவு கட்டியிருந்தார்கள். எனக்கு ஸ்கேன், கருக்குழாய் டெஸ்ட் எல்லாம் எடுத்து, குறை ஒன்றும் இல்லை என்று ஆன பிறகுதான் அவரை ஒரே ஒரு தடவை சோதனைக்கு இழுத்துப் போக முடிந்தது. திண்டுக்கல்லில் டாக்டரம்மா தாஹிரா பார்த்தார். "விந்தணு எண்ணிக்கை கம்மிதான், ஆனா இல்லாம இல்லை. ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க, பார்த்துக்கலாம்" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு அந்தத் தெருப் பக்கமே அவர் தலைவைத்துப் படுக்கவில்லை.

பிள்ளை இல்லாதவர்களுக்கு பஸ் பயணம் ஒரு தண்டனை. பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்கள் பெயரைக் கேட்பதற்கு முன்னால் பிள்ளைகளைத்தான் கேட்பார்கள். இல்லை என்று சொன்னோமோ, தொலைந்தோம். இறங்குகிற வரைக்கும் கோயில், லேகியம், விரதம், அவர்கள் நாத்தனாருக்குப் பலித்த வைத்தியம். வேளாங்கண்ணிக்குப் போகும்போது ஒரு அம்மா அப்படித்தான் கேட்டது. இவர் பட்டென்று, "ரெண்டு இருக்கு. மூத்தவ அனிஷா, சின்னவன் ரொனால்டு" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அன்றிலிருந்து வெளியூரில் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். அனிஷா படிப்பில் கெட்டி, ரொனால்டு சேட்டை. ஜூன் மாதம் ஆனால் தவறாமல் வகுப்பு மாற்றிவிடுவோம். வீட்டில்கூட, மீன் குழம்பு வைத்த அன்றைக்கு "ரொனால்டுக்கு முள்ளு எடுத்துக் குடு ராணி" என்பார். நானும் "தட்டக் காலி பண்ணாம எந்திரிக்கக் கூடாது" என்று காலி நாற்காலியை மிரட்டுவேன். பைத்தியக்காரத்தனம்தான். காலம் தள்ள ஏதோ ஒன்று வேண்டுமே.

அசதி தாங்காமல் ஒருநாள் அவராகவே மதுரைக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தார். நான் கூடப் போகவில்லை. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் ரொம்பக் குறைவாம். சில வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட வேண்டுமாம். "இதான் ராணி வேரு. இதச் சரி பண்ணிட்டா எல்லாஞ் சரியாயிரும்" என்றார். நானும் நம்பினேன். ஆம்பளைக்கு ஆண்மை ஊசி என்றால் பிள்ளைக்கும் அதுதான் ஊசி என்று யார்தான் நினைக்க மாட்டார்கள்?

முதலில் தூக்கம் போனது. நான் எழுவதற்கு முன்னால் எழுந்து பால் வாங்கி வந்து நின்றார். பிறகு மீசை. மீசைக்குப் பிறகு தாடி. ஒருநாள் சவரம் செய்யாவிட்டால் கன்னம் முள்ளாய்க் குத்தியது. முகத்தில் எண்ணெய் வழிந்தது. முதுகு முழுக்கப் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி பரு. தொளதொளவென்று தொங்கிய மார்பு இறுகி, சட்டை தோளில் பிடித்தது, இடுப்பில் தொங்கியது. உர மூட்டையைத் தனியாகத் தூக்கி அடுக்கினார். வேர்வை வாடைகூட மாறிப்போனது. தலையணை உறையை மோந்து பார்த்து "யாருங்க இந்த ஆளு" என்று கேட்டேன், வெட்கப்பட்டுச் சிரித்தார். கோபமும் வந்தது. குழம்பில் உப்புக் கூடினால் தட்டைத் தள்ளிவிடுவார். அதைக்கூட நான் ரசித்தேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராத்திரியைப் பற்றி விளக்கமாகச் சொல்ல வேண்டியதில்லை. பிணம் எழுந்துவிட்டது, அது போதும்.

ஒன்று மட்டும் சிறுத்துக்கொண்டே வந்தது. விதைகள். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உடம்பு மொத்தமும் தேறி வரும்போது அதைப் போய்ப் பேசுவானேன் என்று இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், "ஸ்டீபனு, என்னப்பா புது மாப்பிள்ளை கணக்கா ஆயிட்ட" என்று ஆள் மாற்றி ஆள் சொன்னார்கள். மாமியார் தொட்டிலுக்கென்று பழைய பருத்திச் சேலையைத் துவைத்து மடித்து வைத்தார். நான் செபஸ்தியாருக்கு ஒரு கிடாய் நேர்ந்து, குட்டியையும் வாங்கிக் கட்டிவிட்டேன். அவரும் குட்டியும் போட்டி போட்டுக்கொண்டு வளர்ந்தார்கள்.

கடையில் அப்போது அவர் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். ஆத்தூர்ப் பக்கம் கத்தரி போட்டிருந்த மொக்கைச்சாமி ஒருநாள் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்து நின்றார். இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். பூவும் இல்லை, பிஞ்சும் இல்லை.

"யூரியாவ அள்ளி வீசியிருப்பீரே" என்றார் இவர்.

"செடி சவலையா நின்னுச்சு அப்பு. அதான் ரெண்டு தரம் சேத்துப் போட்டேன்."

"அதான் கேடு. மேலுக்குத் தளதளன்னு நிக்கும், போறவன் வாரவன் எல்லாம் நின்னு பாப்பான். காய் பிடிக்காது."

மொக்கைச்சாமி தலையைச் சொறிந்தார். நான் மூட்டை மேல் உட்கார்ந்து என் புருஷனின் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

ஒன்றரை வருஷம் ஆகியும் எனக்கு நாள் தள்ளவில்லை. முப்பத்தெட்டு முடிந்துவிட்டது. டெஸ்ட் டியூப் முறையில் பார்த்துவிடுவோம் என்றேன். இந்தத் தடவை அவர் மறுக்கவில்லை. டாக்டரம்மா தாஹிராவிடம் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, பரீட்சை நன்றாக எழுதின பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா முடிவைப் பார்த்தார். பிறகு இவர் தாடியையும் தோளையும் முகத்துப் பருவையும் பார்த்தார்.

"ஏதாவது ஊசி போட்டுக்கிறீங்களா?"

இவர் பெருமையோடு சொன்னார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"முன்னே கொஞ்சமாவது இருந்தது. இப்போ ஒரு விந்தணுகூட இல்லை."

"அதுக்குத்தான ஊசி போடுறேன் டாக்டர்."

"அதனாலதான் இல்லை. வெளியே இருந்து ஹார்மோனை ஊத்திக்கிட்டே இருந்தா, உடம்பு தன் வேலையை நிறுத்திரும். விதை சுருங்கும், விந்தணு உற்பத்தி நின்னுரும். குழந்தை வேணும்கிறவங்களுக்கு இதைப் போடவே மாட்டாங்க, வேற மருந்து இருக்கு. அந்த டாக்டர் உங்ககிட்ட கேட்கலையா?"

இவர் தரையைப் பார்த்தார்.

"கேட்காம இருக்க மாட்டாரே."

"கேட்டாரு." அந்தக் கனத்த குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. "ரெண்டு பிள்ளை இருக்குன்னு சொன்னேன்."

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

வெளியே வந்து பைக்கைத் தள்ளிக்கொண்டே அவராகச் சொன்னார். "கதவு தொறந்து கெடந்துச்சு ராணி. வெளிய அம்புட்டு ஆம்பளைக உக்காந்திருந்தானுக. பழக்கத்துல வாயில வந்துருச்சு. 'இனிமே குழந்தை பெத்துக்கிற யோசனை இருக்கா'ன்னு வேற கேட்டாரு. ரெண்டு போதும்னுட்டேன்."

"கடைக்கு வாரவனுக்கெல்லாம் யூரியா பாடம் நடத்துறீங்களே" என்றேன். அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை. நடுரோட்டில் நின்று அந்த மீசையைப் பிடித்துப் பிய்க்க வேண்டும்போல இருந்தது. ஆனால் ரொனால்டுக்கு முள் எடுத்துக் கொடுத்த கை என்னுடையதும்தானே.

ஊசியை நிறுத்தினார். டாக்டரம்மா வேறு மருந்து கொடுத்தார். சிலருக்குச் சில மாதத்தில் திரும்பும், சிலருக்கு வருஷக் கணக்காகும், சிலருக்குத் திரும்பாமலே போகும் என்றார். "அவருக்குக் காலம் இருக்கும்மா, உங்களுக்குத்தான் இல்லை" என்பதையும் மறைக்கவில்லை. என் கருமுட்டைகள் தீர்ந்துகொண்டிருந்தன.

வந்ததெல்லாம் வந்த வழியே போனது. தோள் இறங்கியது, மார்பு மறுபடி தொங்கியது. மூட்டையைத் தூக்கப் போய் மூச்சு வாங்கி நின்றார். கல்லாவில் பழையபடி தலை சாய்ந்தது. மீசை மட்டும் முழுசாகப் போகவில்லை, அங்கங்கே நின்றது. ஒவ்வொரு சோதனைக்கும் போவோம். இல்லை என்று வரும். ஒருமுறை ஒன்றிரண்டு தெரிந்தது, அதிலும் உயிர் இல்லை. தத்தெடுக்கலாம் என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நேர்ந்த கிடாயைத் திருவிழா அசனத்துக்கு, ஊர்ச் சாப்பாட்டுக்குக் கொடுத்தேன். கேட்டது கிடைக்கவில்லை என்று புனிதரிடம் வழக்காடவா முடியும்?

கடைசியில் என் பக்கமும் முடிந்துவிட்டது என்று தெரிந்த அன்று டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "இனி அவர் அந்த ஊசியைப் போட்டுக்கலாம். அவர் உடம்புக்கு அது தேவைதான். இனிமே அதனால நஷ்டம் ஒண்ணும் இல்லை." நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த வார்த்தையை இன்னும் என்னால் செரிக்க முடியவில்லை.

மதுரைக்கு இந்த முறை நானும் போனேன். அந்த டாக்டரைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று பஸ் முழுக்கக் கறுவிக்கொண்டே போனேன். போனால், சாந்தமான மனுஷன். இவரை நினைவு வைத்திருந்தார்.

"ரொம்ப நாளா ஆளையே காணோமே. பிள்ளைங்க நல்லா இருக்காங்களா? மூத்தவ இப்போ என்ன படிக்கிறா?"

இவர் என்னைப் பார்த்தார். கதவு திறந்துதான் கிடந்தது, வெளியே ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். உண்மையைச் சொல்லி இனி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

"ஒன்பதாவது" என்றேன் நான். "அவ நல்லாப் படிக்கிறா டாக்டர். சின்னவன்தான் சேட்டை."

"பையன்னா அப்படித்தான்மா" என்று சிரித்துக்கொண்டே டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றினார். இவர் கட்டிலில் குப்புறப் படுத்தார். ஊசி இறங்குவதற்கு முன்னாலேயே அவர் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

"என்ன சார் இது" என்றார் டாக்டர். "ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஒரு ஊசிக்குப் போய் அழலாமா?"