குழலுக்குள் வெந்நீர்

துப்பாக்கிக் குழலுக்குள் தண்ணீர் விடுகிறவன், சமயம் வந்தால் நாட்டையும் காட்டிக்கொடுப்பான்.

இது என் அக்கா புருஷன் ராய்ஸ் கண்டறிந்த உண்மை. பென்சில்வேனியாவில் எங்கள் ஊர் சுடுமைதானத்தில், ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை ஒன்றில் அறிவித்தார். கையில் இருந்தது என் அப்பாவின் பழைய ரஷ்யத் துப்பாக்கி. இரவல்.

தோட்டாவும் ரஷ்யப் பட்டாளம் கழித்துக்கட்டியதுதான். தகர டப்பாவில் வரும். என்னைவிட முப்பது வயது மூத்தது. சுட்டால் குழலுக்குள் உப்புப் படியும், ஈரம் சேர்ந்தால் துருப்பிடிக்கும். அதனால் இதைச் சுடுகிறவர்கள் உப்பைக் கரைத்துக் கழுவ, கையோடு ஒரு ஃபிளாஸ்க் வெந்நீரும் புனலும் கொண்டுவருவார்கள். பக்கத்து மேஜையில் ஆர்வில் என்ற பெரியவர் ஊற்றிக்கொண்டிருந்தார். ராய்ஸ் கொண்டுவந்தது ஓர் எண்ணெய்ப் புட்டி மட்டும்.

"என்ன பெரியவரே, காபியா? பால் கொண்டாரட்டா?" என்றார் ராய்ஸ்.

ஆர்வில் நிமிரவில்லை. "எண்ணெயில உப்பு கரையாது, தம்பி."

"இது சாதா எண்ணெய் இல்ல. விமானத்துக்குப் போடுறது."

"அப்ப நல்லாப் பறக்கும்."

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு அப்பா அக்கா வீட்டுக்கு வருவார். வந்ததும் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பளபளவென்று இருந்தால்தான் நவம்பர் மான் வேட்டை முகாமில் மாப்பிள்ளைக்கு இடம். கல்யாணமாகி ஆறு வருஷமாக ராய்ஸ் அதற்குத் தகுதியாகவே இருக்கிறார். அப்பாவுக்குத்தான் தெரியவில்லை.

"அத்தான், எதுக்கும் ஒரு சொம்பு வெந்நீர்..." என்றேன்.

"நீ தத்துவம் படிக்கிறவன். இரும்பைப் பத்திப் பேசாத."

வீட்டுக்கு வந்து விமான எண்ணெயைத் தாராளமாக விட்டார். துணியை உள்ளே விட்டு இழுத்தார். "பாரு, கண்ணாடி!" அந்தக் கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தூங்கப் போனார். வெளியே மழை பிசுபிசுத்தது.

ஞாயிறு காலை, விடுமுறைக்கு வந்திருந்த என்னை அக்கா எழுப்பினாள். "டேய், கெட்டிலைப் பாத்தியா?"

பின்கதவைத் திறந்தேன். புல்தரையில் ஏழெட்டுத் துணித்துண்டுகள், எல்லாம் செங்கல் நிறம். நடுவில் ராய்ஸ் மண்டியிட்டிருந்தார். துப்பாக்கியின் பின்வாயில் அக்காவின் ஜாம் புனல். குழலின் நுனியிலிருந்து கஷாயம் மாதிரி ஏதோ சொட்டியது.

"பால் கொண்டாரட்டா, அத்தான்?"

"கதவைச் சாத்துடா. ஈ வருது."

அப்பா வர மூன்று மணி நேரம் இருந்தது. ராய்ஸ் கெட்டிலை இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.