இருபதா, அறுபதா?

அரியலூரிலிருந்து செந்துறை போகும் சாலையில், ஊர் முடிந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது அந்தச் சுண்ணாம்புக்கல் சுரங்கம். சுரங்கம் என்றதும் இருட்டுக் குகையை நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று தென்னை ஆழத்துக்குத் தோண்டிப் போட்ட வெள்ளைப் பள்ளம், அவ்வளவுதான். பள்ளத்தின் வாசலில் ஓர் அறை, அறையில் ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் மேகலா. இறங்குகிறவர்கள் வாசலில் இருக்கும் பெட்டியில் கார்டைக் காட்டிவிட்டு இறங்குவார்கள், ஏறி வரும்போதும் காட்டுவார்கள். உள்ளே எத்தனை பேர் என்று மேகலாவின் திரையில் ஓர் எண் நிற்கும். அது பூஜ்யம் என்று அவள் வாக்கிடாக்கியில் சொன்ன பிறகுதான் வெடிக்காரர் இளையபெருமாள் வெடி வைப்பார்.

அன்றைக்கு வெடி இரண்டு மணிக்கு. கம்ப்யூட்டர் பதினோரு மணிக்கே மண்டையைப் போட்டது.

மேகலா அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. பீரோவிலிருந்து வேறொரு பழைய கம்ப்யூட்டரை இறக்கி, பென் டிரைவைச் செருகி, லினக்ஸ் என்கிற இயங்குதளத்தைப் புதிதாக ஏற்ற ஆரம்பித்தாள். மொழி கேட்டது, சொன்னாள். நேரம் கேட்டது, சொன்னாள். பிறகு ஒரு சிவப்புப் பெட்டி வந்து வழியை மறித்துக்கொண்டது. நெட்வொர்க் முகவரி தானாகக் கிடைக்கவில்லையாம்.

தெருவில் வீட்டுக்கு வீடு கதவு எண் இருப்பது போல ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் உண்டு. பல இடங்களில் அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். இங்கே வரவில்லை. மேகலா கேபிளைப் பிடுங்கித் துடைத்து மறுபடி செருகினாள். விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது. 'மறுபடி முயல்' என்பதை நான்கு தரம் அழுத்தினாள், நான்கு தரமும் அதே சிவப்புப் பெட்டி. அப்போதுதான் புரிந்தது: இந்த ஆபீசில் முகவரிகளை எல்லாம் யாரோ கையால் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த யாரோ, போன வருடம் வேலையை விட்டுப் பெரம்பலூருக்குப் போய்விட்ட அஜித்குமார்.

அவனைப் போனில் பிடிப்பதற்குள் மணி ஒன்று ஆகிவிட்டது. எடுத்தபோது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டே அவன் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தது.

"அஜித்து, கேட் கம்ப்யூட்டருக்கு என்ன ஐ.பி. முகவரி போட்ட? கடைசி நம்பர் மட்டும் சொல்லுப்பா."

"அதாக்கா? அது வந்து..." ஒரு பஸ் ஹாரன். "...ருபது."

"இருபதா?"

"ஆமாக்கா, ...ருபதுதான்." மறுபடி ஹாரன். "பஸ் வந்துருச்சு, அப்புறம் பேசுறேன்க்கா."

இருபது என்று அடித்தாள். சிவப்புப் பெட்டி மறைந்தது. கோடு நகர்ந்து நூறைத் தொட்டது. வாசல் மென்பொருளைப் போட்டு முடித்தபோது மணி ஒன்று நாற்பது. கார்டுப் பெட்டி ஒரு நாள் கணக்கைத் தன் வயிற்றிலேயே வைத்திருக்கும், கம்ப்யூட்டர் கிடைத்தவுடன் மொத்தத்தையும் கொட்டிவிடும். அது அவளுக்குத் தெரியும். திரை விழித்தது. உள்ளே: 0.

"ஏம்மா, எத்தனை?" வாக்கிடாக்கியில் இளையபெருமாள்.

"ஜீரோ சார்."

"சரி. நான் இத அணைச்சிட்டு ஒயரு மாட்டப் போறேன். இனிமே கூப்புடாத."

வெடிக்குப் பக்கத்தில் வாக்கிடாக்கி கூடாது, செல்போனும் கூடாது, அலை பட்டாலே வெடித்துவிடலாம். சங்கு ஊதியது. மேகலா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். காவலாளி ராஜவேல் சாலையை மறிக்கச் சிவப்புக் கொடியோடு வெளியே போனவர், போகிற போக்கில் கார்டைக் காட்டினார். பெட்டி 'பீப்' என்றது.

திரையில் ஒன்றும் அசையவில்லை.

கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. ராஜவேல் போனது பதிவாகியிருக்க வேண்டுமே. இன்றைய பட்டியலைத் திறந்தாள். ஒரு வரி இல்லை. காலையிலிருந்து எழுபது பேருக்கு மேல் நடந்த வாசல், பட்டியலில் ஓர் ஈ காக்கை கூட இல்லை. எல்லோரும் ஏறிவிட்டதால் வந்த பூஜ்யம் இல்லை இது. எதுவுமே தெரியாததால் வந்த பூஜ்யம். கார்டுப் பெட்டி வேறு ஏதோ ஒரு கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது, இவள் வேறு வீட்டில் உட்கார்ந்துகொண்டு யாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

இறங்குகிறவர்கள் செல்போனை வைத்துவிட்டுப் போகும் மர அடுக்கைத் திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் உறை போட்ட ஒரு போன். பரிசோதனைக்குக் கல் மாதிரிகள் பொறுக்கி வருகிற பெண் தென்றலுடையது.

மணி ஒன்று ஐம்பத்தொன்று.

ஓடினாள். செருப்பு ஒன்று எங்கோ கழன்றது. வெள்ளைப் புழுதியில் முந்நூறு மீட்டர் தள்ளி, வெடிக்காரர் நிற்கும், இரும்புத் தகடு போட்ட மறைவிடம். சங்கு ஊதிய பிறகு அந்தப் பாதையில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று அவளே எத்தனை பேரைத் திட்டியிருக்கிறாள். கத்திக் கூப்பிட நினைத்தாள், மூச்சு ஒத்துழைக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் இப்போது வெடிக்கும், இதோ வெடிக்கும் என்றே காது காத்திருந்தது.

இளையபெருமாள் வெடிப் பெட்டியில் சாவியைப் போட்டுவிட்டு வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், வேணாம்! நான் சொன்னது தப்பு. ஜீரோ இல்ல."

அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டார். அதன் பிறகுதான் முகம் வெளுத்தது.

"யாரு உள்ள?"

"தென்றல் சார்."

"அவ மட்டுந்தானா?"

போனே கொண்டு வராதவர்கள் எத்தனை பேர் உள்ளே என்று மர அடுக்கு சொல்லாது. அந்தக் கேள்வி, ஓடி வந்த முந்நூறு மீட்டரையும்விடப் பயங்கரமாக இருந்தது. அவர் சொன்னார்: "நான் இங்கேருந்து நகரமாட்டேன். போய் எண்ணிச் சொல்லு."

திரும்பி ஓடி வந்தவள் கார்டுப் பெட்டியின் மூடியைத் திறந்து, அது எந்த முகவரிக்கு அனுப்புகிறது என்று பார்த்தாள். கடைசி எண் அறுபது. பஸ் ஹாரன் விழுங்கியது ஒரே ஓர் எழுத்தைத்தான். இருபதை அழித்து அறுபது என்று அடித்தாள்.

பெட்டி கொட்ட ஆரம்பித்தது. பன்னிரண்டு, முப்பது, ஐம்பத்தெட்டு, எழுபத்தொன்று. சாப்பாட்டு நேரம் வந்ததும் எண் இறங்கியது. நாற்பது, பத்தொன்பது, ஏழு, நான்கு.

நான்கில் நின்றுவிட்டது.

தென்றலோடு இன்னும் மூன்று பேர், பம்பு பார்க்கும் ஆட்கள். நேரே வெடி வைத்த பாறைக்குக் கீழே, தேங்கிய தண்ணீர் ஓரம், டீசல் பம்பு போடும் சத்தத்தில் சங்கு காதில் விழாமல் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மேகலா மறுபடி ஓடிப் போய்ச் சொன்னதும், இளையபெருமாளே ஒயரைக் கழற்றிவிட்டு இறங்கிப் போய் அவர்களை ஏற்றி அனுப்பினார். "சங்கு ஊதவே இல்லையே சார்" என்று அவர்கள் அவரிடமே வாதாடினார்களாம்.

ஒவ்வொருவராக வாசலில் கார்டைக் காட்டினார்கள். மூன்று. இரண்டு. ஒன்று. கடைசியாகத் தென்றல், கல் மூட்டையோடு, வெயிலில் சிவந்த முகத்தோடு.

"என்னக்கா இப்புடி வேர்த்துருக்கு? செருப்பு எங்க?"

மேகலா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். திரையில் பூஜ்யம். இந்த முறை நிஜமான பூஜ்யம், எழுபத்தொரு பேரும் வரி வரியாகப் பட்டியலில் நிற்கிறார்கள்.

வாக்கிடாக்கி கரகரத்தது. "ஏம்மா, இப்ப எத்தனை?"

அவள் திரையைப் பார்த்தாள். கதவு வழியாக வெளியே நிற்கிறவர்களையும் பார்த்தாள்.

"என்னம்மா, எத்தனை?"

"இருங்க சார்," என்றாள் மேகலா, தென்றலின் கையை விடாமல். "வெளிய போயி ஒவ்வொருத்தரா தொட்டு எண்ணிட்டு வரேன்."