துரைசானி தோட்டத்துக் கிணறு

சங்ககிரிக் கோட்டை அடிவாரத்தில், செத்துப்போன ஒரு துரையின் ஓட்டு வீட்டைக் காட்சிசாலை என்று அறிவித்து ஆறு வருஷமாகியிருந்தது. உள்ளே துரையின் கைத்தடி, இரண்டு பீரங்கிக் குண்டுகள், மீசையைப் பூச்சி தின்றுவிட்ட பாடம் செய்த சிறுத்தை. வெளியே துரைசானி தன் கையால் வைத்ததாகச் சொல்லப்படும் ரோஜாத் தோட்டம்.

தோட்டத்தைப் பராமரிக்க ஒரு தொண்டர் சபை இருந்தது. பதினொரு பேர். அதில் பத்துப் பேர் பண்ணையாளை அனுப்பித் தொண்டு செய்துவிட்டு, வருகைப் புத்தகத்தில் தாங்களே கையெழுத்துப் போட்டார்கள். பண்ணையாள் இல்லாத ஒரே தொண்டர் தீர்த்தகிரி வாத்தியார். அவர் தாமே மண்வெட்டி பிடித்தார். சபைத் தலைவர், சுற்றுவட்ட நிலங்களுக்கெல்லாம் சொந்தக்காரரான மிட்டாதார் வேலுசாமியின் பள்ளிக்கூடத்தில்தான் அவருக்கு வேலை. தொண்டுள்ளம் தானாக ஊறிவிட்டது.

அந்தக் கோடையில், பண்ணையாட்கள் குடியிருந்த கீழ் வளவில் கிணறு வற்றியது. தோட்டக் கிணற்றில் மட்டும் இடுப்பளவு தண்ணீர் கிடந்தது.

"வெள்ளிக்கிழமை கலெக்டர் வாரார். ஒரு சொட்டு வெளிய போகப்படாது. ஒரு எலை வாடுனாலும், வாத்தியாரே, நீங்க வேற பள்ளிக்கூடம் பாத்துக்குங்க" என்றார் மிட்டாதார். சர்க்கார் கொடுக்கும் ராவ்சாகிப் பட்டம் ரோஜாச் செடியில் காய்க்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை, வேலிக்கு அப்பால் கீழ் வளவுச் சென்னியம்மாள் குடத்தோடு நின்றாள்.

"ஏனுங் வாத்தியாரே, செடியெல்லாம் குடிச்சு மிச்சமிருந்தா ஒரு கொடம் ஊத்துங்க."

"உத்தரவு இல்லியே, ஆத்தா."

"எங்களுக்குந்தான் உத்தரவு இல்லாம தாகம் எடுக்குதுங்க. ஊட்டுல கொழந்தைக்குப் பேதி."

வாத்தியார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு குடம் இறைத்து ஊற்றினார். மறுநாள் பதினைந்து குடங்கள் வந்தன. ரோஜாக்களின் பங்கைப் பாதியாக்கினார். அடியிலைகள் பழுத்தன, அவற்றைக் கிள்ளி மடியில் ஒளித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடியலிலும் பெண்கள் வந்து போனார்கள். அவர்கள் போய்ச் சற்று நேரத்தில் மிட்டாதார் வில்வண்டியில் வந்து இறங்கினார். கிணற்றடியிலிருந்து சாலை நெடுகக் கீழ் வளவு வரை குடங்கள் சிந்திய ஈரத்தடம் கிடந்தது.

"ரோட்டுல யாரு தண்ணி ஊத்துனது?"

வேலை போய்விட்டதென்றே வாத்தியார் நினைத்தார். ஆனால் வாய் அவரைக் கேளாமல் பேசியது.

"நாந்தானுங்க. கலெக்டர் காரு வாரப்போ புழுதி கெளம்பப்படாதுன்னு, கொஞ்சம் தெளிச்சுப் பாத்தனுங்க."

மிட்டாதாரின் முகம் மலர்ந்தது. வாத்தியாரின் தோளில் தட்டினார்.

"படிச்சவன் படிச்சவந்தான் சாமி. இது நமக்குத் தோணலியே."

பிறகு தொண்டர்களின் பண்ணையாட்களைக் கூப்பிட்டார்.

"செடிக்கு ரெண்டு கொடம் எடுத்து வெச்சுட்டு, மிச்சத்தை அடியோட எறைச்சு ரோடு பூராத் தெளிங்கடா. வாத்தியார் நின்னு பாத்துக்குவார்."

பத்துப் பேர் இறைத்தார்கள். அதில் சென்னியம்மாளின் புருஷன் காளியண்ணனும் இருந்தான். அவன் யார் முகத்தையும் பார்க்காமல் தெளித்துக்கொண்டு போனான். வாத்தியார் இரண்டு தரம் வாயைத் திறந்தார். இரண்டு தரமும் மிட்டாதார் சிரித்துத் தலையாட்டினார்.

ஒன்பது மணிக்குச் சென்னியம்மாள் மறுபடி குடத்தோடு வந்தாள். பளபளவென்று நனைந்து கிடந்த சாலையைப் பார்த்தாள். வாத்தியாரைப் பார்த்தாள்.

"புழுதி நல்லா அடங்கிருச்சுங்க" என்றாள்.

வெறுங்குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஈரத்தில் கால் பதிய நடந்து போனாள். வாத்தியார் அவசரமாக வாளியைக் கிணற்றுக்குள் விட்டார். அது சேற்றில் போய் விழுந்த சத்தம் கேட்டது.