சடங்கு டிவிடிக்குப் போட்ட புது லென்ஸ்

டிவிடி பிளேயரைத் தூக்கிக்கொண்டு யாராவது என் ரிப்பேர் கடைப் படியேறினாலே எனக்கு எரிச்சல் வரும். லென்ஸ் தேடி டவுன்ஹால் ரோடு முழுக்க அலைய வேண்டும். அலைந்து வாங்கி மாட்டிக் கொடுத்தால், ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு மறுபடி பரணில் ஏற்றிவிடுவார்கள்.

ஒத்தக்கடை அருள்பாண்டியும் அப்படித்தான் வந்தார். கூடவே மனைவி தங்கப்பொண்ணு. பிளேயர் டிஸ்க்கை விழுங்கும், கொஞ்ச நேரம் உறுமும், பிறகு 'நோ டிஸ்க்' என்று எழுதிக் காட்டும். கம்ப்யூட்டர் கடையில் கொடுத்தால் பென் டிரைவில் ஏற்றித் தருவான், இதைத் தூக்கிப் போடுங்கள் என்றேன். அப்படிச் செய்தால் வெட்டி ஒட்டியது என்று மச்சான் சொல்லிவிடுவாராம். அசல் டிஸ்க், அசல் பிளேயர், இரண்டையும் திருமங்கலத்துக்குத் தூக்கிப்போய் மச்சானின் டிவியிலேயே ஓட்டிக் காட்டப் போகிறாராம். கோர்ட்டுக்குப் போகிறவர் தோரணை.

வழக்கு இதுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இவர்கள் மகளுக்குப் பூப்புச் சடங்கு. தங்கப்பொண்ணுவின் அண்ணன் சிவபாண்டிதான் தாய்மாமன். முதல் மாலையும் முதல் சீரும் அவருடையது. அவர் நேரத்துக்கு வரவில்லை, காத்திருந்து பார்த்துவிட்டு வேறொருவரை மாலை போடச் சொன்னோம் என்பது அருள்பாண்டி கட்சி. நேரத்துக்கு வந்தேன், வாசலில் நிறுத்திவிட்டார்கள் என்பது சிவபாண்டி கட்சி. அன்றோடு பேச்சுவார்த்தை இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கல்யாணம். மாமன் வந்து மாலை போடாமல் மணவறையில் உட்கார மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

அந்த வீடியோவை இத்தனை வருஷம் பார்க்கவில்லையா என்று கேட்டேன். அவரவர் முகம் வருகிறவரை பார்த்ததாகச் சொன்னார். சடங்கு வீடியோவை உலகத்தில் எவனும் முழுசாகப் பார்த்ததில்லை, எடுத்தவன் உட்பட.

மறுநாள் லென்ஸ் வாங்கி வந்து மாட்டினேன். இருவரும் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். மறுபடியும் 'நோ டிஸ்க்'. லென்ஸ் விற்றவனுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது: புது லென்ஸ் வழியில் கெட்டுப் போகாமலிருக்க, அதில் ஒரு பொட்டு ஈயம் வைத்து அனுப்புவார்கள். மாட்டியதும் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. சுரண்டினேன், படம் வந்தது. விற்றவனிடம் இதைச் சொல்லவில்லை.

முதலில் பிள்ளையார், ரோஜாப்பூ, இதயத்துக்குள் குடும்பம். பிறகு மண்டப வாசல். சுவர்க் கடிகாரத்தில் பத்து மணி. சிவபாண்டி கையில் மாலையோடு நிற்கிறார். பின்னால் தட்டு ஏந்திய பெண்கள் வரிசை. அருள்பாண்டி வெளியே வந்து அவர் நெஞ்சில் கை வைத்து நிறுத்துகிறார். என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை, வீடியோ எடுத்தவன் மேலே பாட்டுப் போட்டிருந்தான். சற்று நேரத்தில் ஒரு கார் வந்தது. இறங்கியவர் அருள்பாண்டியின் கம்பெனி மேனேஜர். அவர்தான் மாலை போட்டார்.

கேமரா மறுபடி வாசலுக்குப் போனபோது கடிகாரத்தில் பதினொன்று. சீர்த்தட்டைத் தரையில் வைக்கக் கூடாது. அந்தப் பெண்கள் வைக்கவில்லை. சிவபாண்டியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நிப்பாட்டுங்க பாய்," என்றார் அருள்பாண்டி.

"ஓடட்டும்ணே," என்று என்னிடம் சொன்னாள் தங்கப்பொண்ணு. என் கடைக்கு வந்ததிலிருந்து அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

ஓட விட்டேன். பந்தி வந்தது, பாயசம் வந்தது. அவள் திருப்பிப் போடச் சொன்னாள். வாசலை இன்னொரு தடவை பார்த்தாள். "எங்கண்ணன் திமிரு புடிச்சு வராம போச்சுன்னு ஊர் பூராம் நானும்ல சொல்லிட்டுத் திரிஞ்சேன்," என்றாள். புருஷனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. எனக்கே அந்த ஆளின் மேல் கோபமாக இருந்தது.

பழைய லென்ஸையே திரும்ப மாட்ட முடியுமா என்று அருள்பாண்டி மெதுவாகக் கேட்டார். முடியாது என்றேன். முடியும். ஆனால் மாட்ட மனசில்லை.

ரொம்ப நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் செல்போனை எடுத்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"மச்சான், நாந்தேன். படத்தப் பாத்துட்டேன். உங்கள வாசல்ல நிப்பாட்டுனது நாந்தேன். மேனேஜர் வாராருன்னு நிப்பாட்டுனேன். நீங்க வரலன்னு சொல்லிச் சொல்லி எனக்கே அது நெசமாப் போச்சு."

சிவபாண்டி ஒன்றே ஒன்று கேட்டார்.

"தங்கப்பொண்ணு பாத்துச்சா?"

"பாத்தேண்ணே," என்றாள் அவள், ஸ்டூலில் இருந்தபடியே.

"அப்பச் சரி," என்றார் சிவபாண்டி. "ஞாயித்துக்கெழம முகூர்த்தம் எத்தன மணிக்கு?"