ஏழரை மணி சீரியல், காலை ஆறு மணிக்கே

கேபிள் பெட்டியைக் கழற்றிப் பரண்மேல் போட்ட அன்று, பழவேற்காடு ஏரியையே பட்டா போட்டு வாங்கிவந்தவனைப் போல நின்றான் அருண்பாண்டியன். சிப்காட் கம்பெனியில் வேலைக்குப் போகிறவன். குப்பத்திலேயே முதன்முதலாக இன்டர்நெட் டிவிக்குச் சந்தா கட்டியவனும் அவன்தான்.

"கேபிள் ஆளுக்காக இனிமே காத்துக்கினு கெடக்க வேணாம்மா. உன் ஏழரை மணி சீரியல் காலைல ஆறு மணிக்கே வந்துரும்."

"சாயங்காலம் நடக்கப்போறது காலையிலயேவா?" என்றாள் சம்பூர்ணம்.

"அதுக்குத்தானே சந்தா."

படகுகள் கரைக்கு வர ஏழு மணியாகும். அதற்குள் டீயும் குடித்து, சீரியலையும் முடித்துவிடலாம் என்று சம்பூர்ணத்துக்கு ஒரே குஷி. குப்புராஜின் ஷேர் ஆட்டோவை அவள் அப்போது யோசிக்கவில்லை.

அந்த ஆட்டோவில்தான் பெண்கள் மீன் கூடைகளோடு கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டுக்குப் போவார்கள். வழியில் மீனைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. எளாவூர் வரைக்கும் நேற்றைய சீரியல். எளாவூர் தாண்டினால் இன்றைக்கு என்ன நடக்கும் என்ற யூகம். யூகிப்பதில் சம்பூர்ணம்தான் தலைவி. பத்துக்கு ஏழு தப்பாகப் போகும். ஆனாலும் அவள் வாயைத் திறந்தால் குப்புராஜ் வண்டியின் வேகத்தைக் குறைப்பான்.

அன்றைக்குப் பேச்சு சீரியல் கதாநாயகி மிருதுளாவின் பால் டம்ளரைப் பற்றியது. மாமியார் விஷம் கலந்து வைத்த பால். மிருதுளா குடிப்பாளா, மாட்டாளா?

"மாமியாரே மறந்துபோய்க் குடிச்சிடுறா," என்றாள் சம்பூர்ணம்.

எல்லோரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் மாமியார் மறந்துபோய்க் குடித்தாள்.

மறுநாள் ஆட்டோவில் அவளுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. மூன்றாம் நாள், ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லப்போகும் வசனத்தை அவள் ஒரு எழுத்து மாறாமல் சொன்னாள். நான்காம் நாள் விஷயம் வெளிப்பட்டது.

"மொதல்லயே பாத்துக்கினு வந்து எங்க பொழப்பக் கெடுக்கிறியா?" எதிர் சீட்டிலிருந்த செண்பகம் கூடையை அவளிடம் தள்ளினாள். "வாய மூடிக்கினு வர்றதுன்னா வா. இல்லன்னா லோடு ஆட்டோல போ."

வாயை மூடிக்கொண்டு வர சம்பூர்ணத்தால் முடியாது. அது அவளுக்கும் தெரியும், குப்பத்துக்கும் தெரியும். ஆகவே லோடு ஆட்டோவில் போனாள். ஐஸ் பெட்டிகளுக்கும் நண்டுக் கூடைகளுக்கும் நடுவில், நிலவுக்குத் தனியாக அனுப்பப்பட்டவளைப் போல உட்கார்ந்திருந்தாள். நண்டுகள் சீரியல் பார்ப்பதில்லை.

"இத பாத்துட்டு யார்கிட்ட நைனா பேசறது?" என்று மகனைக் கேட்டாள்.

"கீழ கமெண்ட் போடும்மா. நாலாயிரம் பேர் போட்டுக்கினு கீறாங்க பாரு."

"அவங்கள்லாம் எந்த ஊரு, யார் ஊட்டு மருமவளுன்னே தெரியாம எப்டிடா சண்ட போடறது?"

அருண்பாண்டியன் ரிமோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

ஒரு வாரம் போனது. மார்க்கெட்டில் ஹேமாவதி மெல்ல நகர்ந்து வந்தாள். குப்பத்து மருமகள்களில் இளையவள்.

"யக்கா, சாயங்காலம் ஒரு வளகாப்பு. சீரியல் பாக்க முடியாது. மிருதுளா ஊட்ட உட்டுப் போறாளா, இல்லியா? செண்பகம் அக்காகிட்ட மட்டும் நான் கேட்டன்னு சொல்லிராத."

சம்பூர்ணம் சொன்னாள். அரை மணி கழித்து மார்க்கெட் குழாயடியில் செண்பகம் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மனசே பேஜாரா கீதுமே. அந்தப் பொண்ணு போறாளா? ஹேமாவதிக்குத் தெரிய வேணாம்."

டீக்கடைப் பக்கம் குப்புராஜும் கேட்டான். சாயங்காலம் அவனுக்குச் சவாரி இருக்கிறதாம்.

தினமும் இப்படி ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் கேட்டார்கள். மூன்று நாளில் அவளைத் திரும்பவும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார்கள். வண்டி கிளம்பியது. எல்லோருக்கும் எல்லாம் தெரியும்; தெரியும் என்று காட்டிக்கொள்ளத்தான் முடியாது. செண்பகம் உப்பங்கழியைப் பார்த்தாள். ஹேமாவதி செண்பகத்தின் கூடையைப் பார்த்தாள். எளாவூர் செக்போஸ்டில் லாரி வரிசையில் நின்றபோது ஹேமாவதி, "வஞ்சிரம் இன்னா வெலயோ?" என்றாள். அந்த ஆட்டோவில் மீனைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

சம்பூர்ணத்துக்கு லோடு ஆட்டோவே தேவலை என்று தோன்றியது.

அன்று மூவரும் தனித்தனியாக வந்து மறுநாள் கதையையாவது ஊகித்துச் சொல்லும்படி கெஞ்சினார்கள். கண்ணை மூடித் திறந்து, பார்த்ததைப் போலவே சொன்னாள். ஹேமாவதியிடம், மிருதுளா சிங்கப்பூர் போகிறாள் என்றாள். செண்பகத்திடம், மாமியாரைப் போலீஸ் பிடிக்கிறது என்றாள். குப்புராஜுக்குச் சிரமப்பட்டு யோசித்து, புருஷனுக்கு ஒரு இரட்டைப் பிறவி அண்ணனைக் கொடுத்தாள். "சீரியல் கம்பெனிலேர்ந்தே முன்னாடி அனுப்பிட்டாங்க," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆட்டோ கிளம்பியதும் செண்பகம் தொண்டையைச் செருமினாள்.

"எனக்கு இன்னாவோ தோணுது, மாமியார போலீசு புடிச்சிக்கினு போவும்."

"அதெப்டிக்கா? மிருதுளா சிங்கப்பூர் போறாளே..." ஹேமாவதி நாக்கைக் கடித்தாள். "போவான்னு எனக்குத் தோணுது."

"ரெண்டும் இல்ல. அண்ணங்காரன் ஒருத்தன் வருவான்," என்று முன்னாலிருந்து குப்புராஜ் கத்தினான்.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு!"

சண்டை மார்க்கெட் வாசல் வரை நிற்கவில்லை. கூடையை இறக்கும்போதும் செண்பகம் போலீசுக்காக வாதாடிக்கொண்டிருந்தாள். சம்பூர்ணத்துக்கு மட்டும் சிரிப்பை அடக்குவதில் விலா வலித்தது.

சாயங்காலம் சீரியலில் மிருதுளா மாடிப்படியில் நின்று இருபத்திரண்டு நிமிடம் அழுதாள். வேறொன்றும் நடக்கவில்லை.

மறுநாள் ஆட்டோ வீட்டு வாசலுக்கே வந்து ஹாரன் அடித்தது.

"ஏறுமே, புளுகுணி!" செண்பகம் கையைப் பிடித்து இழுத்தாள். "ஆளுக்கொரு கதையா வுட்ட?"

"சிங்கப்பூருன்னு சொன்னியே, நான் அந்தப் பொண்ணுக்குப் பாஸ்போர்ட்டு இருக்குதான்னு சாயங்காலம் முச்சூடும் யோசிச்சிக்கினு இருந்தேன்," என்றாள் ஹேமாவதி.

"இரட்டைப் பிறவின்னு எங்க ஊட்ல வேற சொல்லிட்டேன், யக்கா," என்றான் குப்புராஜ். "மானம் போச்சி."

எல்லோரும் ஒரே நேரத்தில் திட்டினார்கள். சம்பூர்ணம் நடுவில் நெருக்கி உட்கார்ந்துகொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டாள்.

"சரி, இன்னிக்கி இன்னா பாத்த? நெசத்த சொல்லு," என்றாள் செண்பகம்.

"பாக்கல. டிவியப் போடவே இல்ல. இனிமே சாயங்காலந்தான்."

அது உண்மை. ஒருவரும் நம்பவில்லை.

"சத்தியமா பாக்கல," என்றாள் சம்பூர்ணம். "ஆனா அவ படிய உட்டுக் கீழ எறங்குவான்னு எனக்குத் தோணுது."

"எறங்கமாட்டா!" என்றாள் செண்பகம்.